கம்பிரியா: கலைக்கப்பட்ட கவுன்சிலிடம் அனுமதி கேட்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் கம்பிரியா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) என்ற மலைப்பகுதி பற்றிய தங்கள் கட்டுரை, அங்கே வீட்டை விரிவுபடுத்தக் கம்பிரியா கவுண்டி கவுன்சிலிடம் அனுமதி பெற வேண்டும் என்கிறது. அந்தக் கவுன்சில் 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி கலைக்கப்பட்டுவிட்டது. இருந்த காலத்திலும் இது அதன் வேலையல்ல.

பழைய கம்பர்லாண்ட், வெஸ்ட்மோர்லாண்ட் கவுண்டிகளோடு லங்காஷயரின் வடகோடியையும் யார்க்‌ஷயரின் செட்பர்க், டென்ட் பகுதியையும் சேர்த்து 1974-இல் உருவானது கம்பிரியா. பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு கவுண்டி கவுன்சிலிடமும், குப்பை, வீட்டுவசதி போன்றவை அதன் கீழிருந்த ஆறு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களிடமும் இருந்தன. இப்போது ஏழும் இல்லை. வடக்கையும் மேற்கையும் கம்பர்லாண்ட் கவுன்சிலும், கிழக்கையும் தெற்கையும் வெஸ்ட்மோர்லாண்ட் அண்ட் ஃபர்னஸ் கவுன்சிலும் முழுதாக நிர்வகிக்கின்றன. நடுவே 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக் முதலான மலைகள். முக்கியச் சாலைகள் அவற்றைச் சுற்றியே போகின்றன. ஆகவே இரண்டாகப் பிரித்தது சரி என்பதே என் கருத்து.

பெயரை நம்பினால் ஏமாற்றம்தான். பென்ரித், ஆல்ஸ்டன் இரண்டும் பழைய கம்பர்லாண்டின் ஊர்கள். இன்று வெஸ்ட்மோர்லாண்ட் அண்ட் ஃபர்னஸில் இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டின் முதல் எழுத்துகளும் துணை நிற்காது. கெஸிக், பென்ரித் இரண்டுக்கும் 'சி.ஏ.' என்றே தொடங்கும், கவுன்சில் வேறு வேறு.

கட்டட அனுமதியில்தான் சிக்கல் அதிகம். கெஸிக்வாசி கவுன்சில் வரியைக் கம்பர்லாண்டுக்குக் கட்டுகிறார், குப்பையையும் அதுவே எடுக்கிறது. ஆனால் ஊர் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பதால், வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்ட அனுமதி தருவது ஏரி மாவட்ட தேசியப் பூங்கா ஆணையம். அஸ்திவாரம், கூரை, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கான கட்டட விதிமுறைச் சோதனை தனி; அது மறுபடி கவுன்சில் பக்கம் வருகிறது. ஒன்று கிடைத்ததும் மற்றதும் கிடைத்ததாக நினைத்து வேலையைத் தொடங்கக் கூடாது. செட்பர்கில் நிலைமை இன்னும் விசித்திரம்: கவுன்சில் வெஸ்ட்மோர்லாண்ட் அண்ட் ஃபர்னஸ், கட்டட அனுமதியோ யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா ஆணையத்திடம். வீட்டு விண்ணப்பத்தை முடிவு செய்ய வழக்கமான கெடு 8 வாரம். சரியான அலுவலகத்தில், முழுமையான விண்ணப்பம் சேர்ந்த பிறகே அந்தக் கணக்கு தொடங்கும்.

கம்பிரியா என்ற பெயர் வரைபடத்திலும் காவல்துறையிலும் நீடிக்கிறது. அதற்கு மன்னரின் பிரதிநிதியாக ஒரு லார்ட் லெப்டினன்ட்டும் உண்டு. அவர் நம் ஊர் கலெக்டரைப் போல நிர்வாகம் செய்பவர் அல்லர். அங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் முதலில் அரசு இணையதளத்தில் முழு அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துக் கவுன்சிலை அறியட்டும். பிறகு பூங்கா எல்லை வரைபடத்தில் அந்த மனையையே தேடிப் பார்க்கட்டும். தங்கள் திருத்தத்தில் இந்த இரண்டு படிகளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

— வாசகர்