கீட்ஸ் போய்விட்டார், மாப்ளே

கேரி, வட கரோலினா
மார்ச் 12, 2025

மாப்ளே நாசர்,

நோன்பு எப்படிப் போகிறது? மதுரையில் இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அம்மா சொன்னார்கள். ஆயிஷாவுக்குப் பரீட்சை ஆரம்பித்திருக்குமே, நல்லா எழுதச் சொல். இங்கே எல்லோரும் சுகம். யாழினிக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்று, சுதாவுக்கு வேலை மாறியிருக்கிறது, நான் அதே ஆபீஸ்தான். பொங்கலுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு மார்ச்சில் பதில் வருகிறது, திட்டுவதென்றால் நோன்பு திறந்துவிட்டுத் திட்டு.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை எங்கள் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து டீமின் கோச் கெவின் கீட்ஸை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். போன வருஷம் இதே மாதம் ஊரே எந்த மனுஷனைத் தலையில் வைத்துக் கொண்டாடியதோ அதே கீட்ஸைத்தான். செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் என்.சி. ஸ்டேட் பழைய மாணவர் குழு முழுக்க வெடியும் கேக்கும் ஆட்டம் போடும் பொம்மையுமாக வந்து விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அப்போதிலிருந்து யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று இருக்கிறேன். இந்த ஊரில் சொன்னால் எல்லோரும் ஏதோ ஒரு கட்சி. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

முடிவைப் பார்த்தால் அவருக்குப் பேச ஒன்றும் இல்லை. இந்த சீசனில் 12 வெற்றி, 19 தோல்வி. எங்கள் பல்கலைக்கழகம் ஆடும் ஏசிசி லீக்கில் மட்டும் 5-15. அந்த லீக்கில் இப்போது 18 டீம், அதில் 15 டீமுக்குத்தான் கோப்பைப் போட்டியில் இடம், அந்தப் பதினைந்திலும் நாங்கள் இல்லை. போன வருஷம் கோப்பை வாங்கின டீம் இந்த வருஷம் வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆகவே கோச்சை மாற்றியது அநியாயம் என்று நான் வாதாட வரவில்லை. மாற்றலாம். ஆனால் ஒருவன் வேலை போன அன்றைக்கு வெடி எதற்குடா?

உனக்கு ஞாபகம் இருக்கும், போன வருஷம் மார்ச் ஆரம்பத்திலும் இதே கூட்டம் இதே ஆளை அனுப்பச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருந்தது. லீக்கின் கடைசி நாலு மேட்சும் தோல்வி. 17-14 என்று பத்தாவது இடத்தில் ஏசிசி கோப்பைப் போட்டிக்கு வாஷிங்டனுக்குப் போனார்கள். கோப்பை வேண்டுமென்றால் ஐந்து நாளில் ஐந்து மேட்ச் ஜெயிக்க வேண்டும், ஏசிசியில் அதுவரை ஒருத்தரும் செய்ததில்லை. செவ்வாய் லூயிவில், புதன் சிரக்யூஸ், வியாழன் டியூக். டியூக்கை அடித்தபோதே எனக்குப் போதும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை வர்ஜீனியா. மூன்று பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், ஐந்து விநாடி பாக்கி, அவர்கள் கையில் ஃப்ரீ த்ரோ. அதைப் போட்டால் கதை முடிந்தது. அந்தப் பையன் தவறவிட்டான். எங்கள் ஓகானல் பந்தை வாங்கி ஓடிவந்து கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தான். பஸ்ஸர் அடிக்கிறது, பந்து பலகையில் பட்டு உள்ளே விழுகிறது. 58-58. ஓவர்டைமில் 73-65. மறுநாள் ஃபைனலில் எங்கள் பரம எதிரி சேப்பல் ஹில்லை 84-76 என்று முடித்தார்கள். 1987க்குப் பிறகு முதல் ஏசிசி கோப்பை. பஸ்ஸர் அடித்த அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் (தேசியக் கோப்பை வாங்கின எங்கள் 1983 டீமை நேரில் பார்த்தவர்) தன் வீட்டுப் படியில் வந்து நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தெருவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதுவரை எங்களுக்குள் குப்பைத் தொட்டியைப் பற்றித் தவிர வேறு பேச்சே கிடையாது.

அப்புறம் தேசியப் போட்டியில் நடந்ததில் பாதி உனக்கே தெரியும். டெக்சஸ் டெக், ஓக்லண்ட், மார்க்வெட், பிறகு டாலஸில் மறுபடியும் டியூக். அந்த மேட்சை நீ சஹருக்கு முன்னாலேயே எழுந்து பார்த்தாய். பாதி ஆட்டத்தில் 27-21 என்று பின்னால் இருந்தோம், "போச்சு" என்று நீதான் மெசேஜ் போட்டாய், என்னிடம் இன்னும் இருக்கிறது. இரண்டாம் பாதியில் 55 பாயிண்ட்! எங்கள் டி.ஜே. பர்ன்ஸ் மட்டும் மொத்தம் 29. அந்த 275 பவுண்டு உடம்பை வைத்துக்கொண்டு கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பான், ஒரு தோளை ஆட்டுவான், எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் இந்தப் பக்கம் திரும்பி இடது கையால் மெதுவாகப் போட்டுவிட்டுச் சிரிப்பான். நம்ம துரைராஜ் சார் பார்த்திருந்தால் "இதைத்தான்டா நான் நாலு வருஷம் கத்தினேன்" என்று விசிலை எறிந்திருப்பார்.

எங்கள் டீமின் டியாராவைப் பற்றி நாம் பேசியதை நான் மறக்கவே இல்லை. பிரான்ஸிலிருந்து வந்த பையன், நோன்பு வைத்துக்கொண்டே அந்தப் போட்டிகளில் ஆடினான். டிவியில் அதைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் எனக்கு நம் காலேஜ் கிரவுண்டுதான் கண்ணில் வந்தது. திருச்சி டீமோடு ஃபைனல், சாயங்காலம் நாலு மணி, தண்ணீர் பாட்டிலை எல்லோரும் உன் கண்ணில் படாமல் ஒளித்து ஒளித்துக் குடித்தோமே. நீ ஒருத்தன் மட்டும் கடைசிவரை டிஃபன்ஸில் நின்றாய். அதற்குப் பிறகு உன்னை யாரும் "ஜன்னல்" என்று கூப்பிடவில்லை.

டியூக்கை ஜெயித்த அன்றைக்கே எங்கள் பெண்கள் டீமும் டெக்சஸை ஜெயித்து கடைசி நாலுக்குப் போனது. அதுதான், தரையில் த்ரீ பாயிண்ட் கோட்டைத் தப்பாகப் போட்டுவைத்திருந்தார்களே, அந்த மேட்ச். ஒரே நாளில் இரண்டு டீமும்! நாங்கள் காரை எடுத்துக்கொண்டு ராலேக்குப் போனோம். ஹில்ஸ்பரோ தெருவில் கால் வைக்க இடமில்லை. மணிக்கூண்டு முழுக்கச் சிவப்பு விளக்கு, பையன்கள் விளக்குக் கம்பத்தில் ஏறி நிற்கிறார்கள், அம்மாக்கள் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள், யாழினி என் தோளில். 1983க்குப் பிறகு ஆண்கள் கடைசி நாலுக்குப் போவது அதுதான் முதல் தடவை. நாற்பது வருஷமாக நல்லது எதுவும் நமக்கு நடக்காது என்றே நம்பிப் பழகிய ரசிகர்கள் இவர்கள். முன்னணியில் இருக்கும்போதே தோல்விக்குத் தயாராகிவிடுவார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் முகத்தில் அந்தப் பயம் இல்லாமல் பார்த்தேன். அடுத்த வாரம் பர்டூவிடம் 63-50 தோற்றதில்கூட யாரும் யாரையும் திட்டவில்லை. திரும்பி வந்த டீமுக்கு நன்றி சொல்லத்தான் ஜனங்கள் போனார்கள்.

அந்த ஜனங்கள்தான் இப்போது வெடி அனுப்புகிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. நான் இங்கே எம்.எஸ். படித்த காலத்தில் ஹெர்ப் செண்டெக் கோச். 2002 முதல் 2006 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் டீமைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனவர். அவரையும் இவர்கள் விடவில்லை. ஆட்டம் மெதுவாக இருக்கிறது, டியூக்கை ஜெயிக்கவில்லை, சேப்பல் ஹில்லை ஜெயிக்கவில்லை என்று தினமும் கரைச்சல். மனுஷன் வெறுத்துப்போய் அரிசோனாவுக்குப் போனார். அடுத்து 1983 டீமின் கேப்டன்களில் ஒருவரான சிட்னி லோவைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூடத் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அவரையும் திட்டித்தான் அனுப்பினார்கள். சொந்தப் பிள்ளை மாதிரி கொண்டாடிய ஆள் அவர்.

சரி, ரசிகன் என்றால் திட்டுவான், நாமும் திட்டாததா. அமெரிக்கன் கல்லூரி மேட்ச் அன்று சேகர் அண்ணன் ரெஃப்ரியைத் திட்டியதில் மைக்செட்காரர் மைக்கையே அணைத்தார். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. இப்போது நான் பார்ப்பது வேறு, அதுதான் என்னை உறுத்துகிறது.

போன வருஷம் மார்ச் 11ஆம் தேதி இந்த மாநிலத்தில் போனிலேயே விளையாட்டுப் பந்தயம் கட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். தேதியைக் கவனி. மறுநாள்தான் அந்த ஐந்து நாள் ஓட்டம் தொடங்கியது. அப்போது சந்தோஷத்தில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த சீசனில்தான் புரிகிறது. யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் கட்டுவதில்லை. இந்தப் பையன் எத்தனை ரீபவுண்ட் (குறி தவறித் திரும்பும் பந்து) எடுப்பான், அந்தப் பையன் எத்தனை பாயிண்ட் போடுவான் என்று ஆள் ஆளாகக் கட்டுகிறார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் மேல்!

ஜனவரியில் ஒரு நாள் ஆபீஸ் ஆட்களோடு ஹோட்டலில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் ஸ்டேட் சட்டை போட்ட ஒருவர், நல்ல மனுஷர், ரொம்ப வருஷத்து ரசிகர். எங்கள் பையன் ஒருவன் காலியாக நின்று ஒரு ஷாட் எறிந்தான், வளையத்தில் பட்டு வெளியே போனது. கடை முழுக்க "அய்யோ" என்றது. இவர் மட்டும் மேஜைக்கடியில் கையை இறுக்கி மூடி, "யெஸ்" என்றார், மெதுவாக. என்ன என்று பார்த்தால், அந்தப் பையன் இத்தனை பாயிண்டுக்குக் குறைவாகத்தான் போடுவான் என்று கட்டியிருக்கிறார். திரையைப் பார்ப்பதைவிட போனைத்தான் அதிகம் பார்த்தார். டீம் தோற்றது, அவர் பணம் வாங்கினார், வெளியே வரும்போது கீட்ஸைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அவரோடு பேசவே முடியவில்லை.

சேப்பல் ஹில் டீமில் ஆடிய ஆர்மாண்டோ பேகாட் போன வருஷமே சொன்னான். மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் நன்றாக ஜெயித்தார்கள், அவனும் 18 பாயிண்ட் போட்டான். ரூமுக்கு வந்து போனைத் திறந்தால் நூற்றுக்கும் மேலே வசவு. ஏன்? ரீபவுண்ட் போதவில்லையாம், பந்தயம் போய்விட்டதாம். ஜெயித்த பையனுக்கே இதுதான் கதி என்றால் அந்த ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட வர்ஜீனியாப் பையனுக்கு அன்றிரவு என்னவெல்லாம் வந்திருக்குமோ, நினைக்கவே முடியவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் சார்லி பேக்கரே, கல்லூரிப் பையன்கள் மேல் தனித்தனியாகப் பந்தயம் கட்டுவதை எல்லா மாநிலங்களும் தடை செய்ய வேண்டும் என்று போன மார்ச்சில் கேட்டார். வர்ஜீனியாவில் அந்தத் தடை இருக்கிறது. இங்கே இல்லை.

இதை உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தீபாவளிக்குப் பேசியபோது சொன்னாயே, உன் ஸ்கூல் டீம் பையன்களில் இரண்டு பேர் பிராக்டிஸ் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கிரிக்கெட் ஆப்பில் டீம் போட்டுப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று. நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் விட்டுவிட்டேன். இந்த 22ஆம் தேதி ஐபிஎல் தொடங்குகிறது. விட்டுவிடாதே மாப்ளே. உன் பேச்சுக்கு அந்தப் பையன்கள் கட்டுப்படுவார்கள். நீ திட்டினாலும் உன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பணம் போவதைச் சொல்வதைவிட, ஆடுகிறவனைப் பற்றிச் சொல். அவன் கையில் இருக்கிற பந்தைப் பார்க்கிறவனுக்கு அவன் மேல் பிரியம் இருக்கும், கோபம் இருக்கும். பணம் கட்டியவனுக்கு இரண்டும் இருக்காது. நீ இதை என்னைவிட நன்றாகச் சொல்வாய்.

கீட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதிப் பல்கலைக்கழக முகவரிக்கே போட்டுவிட்டேன். வேறொன்றும் இல்லை, அந்த ஐந்து நாளுக்கு நன்றி, எங்கள் தெருவில் ஒரு கிழவரை வெளியே வரவைத்தீர்கள் என்று நாலு வரி. சுதா படித்துவிட்டு ஒரு எழுத்துப் பிழை திருத்தினாள். அந்தக் கிழவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதே ஞாயிற்றுக்கிழமை கிரீன்ஸ்பரோவில் எங்கள் பெண்கள் டீம் ஏசிசி ஃபைனலில் டியூக்கிடம் 76-62 தோற்றது. இந்த வெடிச் சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. யாழினி மட்டும் சாப்பிடாமல் படுத்தாள், அவளுக்கு அசையா ஜேம்ஸ் என்றால் உயிர். கவலைப்படாதே என்றேன், இவர்களுக்கு இன்னும் தேசியப் போட்டி இருக்கிறது. வருகிற ஞாயிறு அட்டவணை வருகிறது. நல்ல இடம் கிடைத்தால் முதல் இரண்டு சுற்றும் ராலேயிலேயே, ரெனால்ட்ஸ் அரங்கத்தில். சின்ன அரங்கம், கூரைக்குக் கீழே சத்தம் அப்படியே சுற்றும், நீ ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் போகிறோம், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப்போகிறேன். நேரம் தெரிந்ததும் அனுப்புகிறேன், உன் பையன்களுக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டு.

துரைராஜ் சாருக்குக் கண் ஆபரேஷன் என்று மணி சொன்னான், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துச் சொல், நான் போன் பண்ண வேண்டும். சேகர் அண்ணன் நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது, புதுசு இருந்தால் அனுப்பு. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் சலாம் சொல்.

உன்
கண்ணன்