அணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதாது

ஐயா, இரத்தச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். ஆண்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 45 முதல் 59 லட்சம், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு என்ற அளவோடு கட்டுரை நின்றுவிட்டது; அந்த எண் எதனால் ஏறி இறங்குகிறது என்பதையும் விளக்கியிருக்கலாம். உயரமான மலைப்பகுதியில் வாழ்வோருக்கு ஆக்சிஜன் குறைவதால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை அதிக அணுக்களை உருவாக்குகிறது. புகைப்பவர்களுக்கும் கார்பன் மோனாக்சைடின் விளைவாக எண்ணிக்கை உயரக்கூடும். கர்ப்ப காலத்திலோ அணுக்கள் பெருகினாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அதைவிட அதிகமாகப் பெருகுவதால் எண்ணிக்கை குறைந்ததுபோல் தெரியும். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தும் அணுக்கள் மிகுந்திருப்பதுண்டு (இதை நலத்தின் அடையாளம் என்று எண்ணி மகிழ்வோரும் இருக்கின்றனர்).

இரண்டு நாள் வயிற்றுப்போக்கால் நீரிழந்து சோர்ந்திருந்தபோது எனக்குச் செய்த பரிசோதனையில், பிளாஸ்மா குறைந்து இரத்தம் செறிவடைந்ததால், சிவப்பணுக்கள் வரம்பை மீறியிருந்தன. ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்தபோது எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது. இடையில் எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை, உப்புச் சர்க்கரைக் கரைசலும் தண்ணீரும்தான் குடித்தேன். ஆகவே, இரத்தம் எடுக்கும்போதே நீரிழப்பு, புகைப்பழக்கம், கர்ப்பம், வசிக்கும் இடத்தின் உயரம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, பரிசோதனை அறிக்கையில் எண்ணுக்கு அருகிலேயே அச்சிடும் நடைமுறையை ஆய்வகங்கள் மேற்கொள்ள வேண்டும்.