முடக்கமும் அதன் அளவும்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கொரோனாக் கால முடக்கங்களை ஆதரித்து, "உயிர் போகும் நேரத்தில் உரிமை பேசுவது வசதியுள்ளவர்களுக்குத்தான் இயலும்" என்று நீ எழுதிய வரி என்னை விடவேயில்லை. விடுதியில் நள்ளிரவு வரை வாதாடிவிட்டு, இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாயே, அந்த வழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை. இம்முறை உன்னைத் தூங்கவிடுவதாக இல்லை.

2020 மார்ச்சில் நாடுகள் கதவடைத்ததை நான் குறை கூறவில்லை. கிருமியைப் பற்றித் தெரிந்தது சொற்பம், தடுப்பூசி கிடையாது, வட இத்தாலியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன. ஆனால் முடக்கம் நமக்குத் தருவது கால அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் படுக்கைகளும் பரிசோதனைகளும் பெருகவில்லை என்றால், மக்கள் பட்ட துன்பத்துக்கு அரசு என்ன கணக்குக் காட்டும்? நியூசிலாந்து முன்கூட்டியே மிகக் கடுமையாக அடைத்ததால்தான் அந்த உச்சக்கட்ட முடக்கத்தை ஐந்து வாரங்களுக்குள் தளர்த்த முடிந்தது. சுற்றிலும் கடல் இருந்ததும் அதற்குத் துணை நின்றது. ஆகவே கடுமையைக் கண்டு நான் அஞ்சவில்லை. முடிவுத் தேதியும் காரணமும் சொல்லப்படாமல் நீளும் கடுமையைத்தான் எதிர்க்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மெல்பன் நகரில் நடந்ததை நீ அறிந்திருப்பாய். 2020 ஜூலை 4 அன்று, அரசுக் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பது அடுக்குமாடிக் கட்டடங்கள், ஏறத்தாழ 3,000 பேர் உள்ளே இருக்க, முன்னறிவிப்பின்றி அடைக்கப்பட்டன. வாசலில் காவலர்கள் நின்றார்கள். சிலருக்கு உணவும் மருந்தும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பின்னர் விசாரித்த மாநிலக் குறைதீர்ப்பாளர் டெபோரா கிளாஸ், தொற்றைத் தடுக்க அந்த முடக்கம் தேவைப்பட்டது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதை அந்தக் கணமே நடைமுறைப்படுத்தியது பொதுச் சுகாதார ஆலோசனையின்படி நடந்ததன்று என்றும், அது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானதாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். ஆணையில் கையெழுத்திட்ட சுகாதார அதிகாரிக்கு அதைப் படித்துச் சிந்திக்கக் கிடைத்த நேரம் பதினைந்து நிமிடம். ஒரு நாள் பொறுத்து, உணவுக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டு அடைத்திருந்தால் தொற்றும் தடுக்கப்பட்டிருக்கும், அந்த மனிதர்களின் மானமும் காக்கப்பட்டிருக்கும். உரிமை பேசுவது யாருக்கு இயலும் என்றா கேட்டாய்? அங்கே அடைபட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள், புலம்பெயர்ந்து வந்தவர்கள். அந்த உரிமை முதலில் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான், நண்பா.

கடுமையான முடக்கத்துக்குப் போகாத ஸ்வீடனைக் காட்டி நீ என்னை மடக்கப் பார்க்கிறாய். 2020இல் அங்கே இறந்தோர் விகிதம் அண்டை நாடான நார்வேயைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. முதியோர் இல்லங்களைக் காக்கத் தவறியதை அந்நாட்டு விசாரணைக் குழுவே கண்டித்தது. ஆனால் அதே ஸ்வீடன் சிறுவர்களின் பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தது. உகாண்டாவிலோ 2022 ஜனவரி வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பள்ளிகள் முழுமையாகவோ பகுதியாகவோ மூடிக் கிடந்தன. அந்த இழப்பின் அளவைப் பற்றி என்னைக் கேட்காதே, ஆசிரியையாக இருக்கும் உன் தங்கையைக் கேள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளை அதை மறந்து திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று அவள் சொல்வாள். நோயால் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்ட வயதினர்மீது மிக நீண்ட தடையைச் சுமத்தியதை எந்தத் தராசில் வைத்து நியாயப்படுத்துவாய்?

தடுக்கப்பட்ட சாவு கண்ணுக்குத் தெரியாது என்ற உன் வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆணை வருமுன்னரே பல நாடுகளில் மக்கள் தாமாகவே நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதையும் அதோடு சேர்த்து எண்ணிப் பார். எந்த உயிர் ஆணையால் பிழைத்தது, எது மக்களின் எச்சரிக்கையால் பிழைத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் புதிதாகக் காரணம் காட்ட வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்கிறேன். இதற்கு உன் மறுப்பு என்ன என்று விரிவாக எழுது. தங்கையின் பதிலையும் மறக்காமல் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்