திடலைப் பிள்ளைகளுக்கே விட்டுவையுங்கள்: எங்கள் சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், சபைக் குழுவினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் தார் போட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்றும், ஞாயிறு மாலைப் பந்து விளையாட்டை இப்போதே நிறுத்திவிடலாம் என்றும் குழு யோசிப்பதாக அறிந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவளாகவும், பிள்ளை பெற்றவளாகவும் கேட்கிறேன்: இரண்டுமே வேண்டாம் ஐயா.

"சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்ற பவுலின் வசனத்தைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். தேவபக்திக்குத்தான் முதலிடம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அதே பவுல்தான் கொரிந்து சபைக்கு எழுதும்போது பந்தயத்தில் ஓடுகிறவர்களைச் சுட்டிக்காட்டினார். கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் என்ற பெரிய விளையாட்டு விழா நடந்துவந்ததால், அவர் சொன்னது அந்த மக்களுக்கு உடனே புரிந்திருக்கும். சட்டத்தின்படி போராடாதவனுக்கு வெற்றிக் கிரீடம் இல்லை என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அவரே.

அந்தப் பக்தியைப் பதின்மூன்று வயதுப் பையனுக்கு எங்கே பழக்குவது? மன்னிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னால் தலையாட்டுவான். திடலில் தன் காலைத் தட்டிவிட்டவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடும்போதுதான் அது அவனுக்குள் இறங்குகிறது. தப்பு தன்மேல் இல்லை என்று தோன்றினாலும், நடுவர் ஊதியதும் வாயை மூடிக்கொண்டு பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்குகிறானே, அதை என்னால் கரும்பலகையில் எழுதிக் கற்றுத்தர முடியாது. நன்றாக ஆடுகிறவன், ஆடத் தெரியாதவனுக்கும் பந்தைக் கொடுக்கப் பழகுவதும் அங்கேதான்.

சபைகளுக்கு விளையாட்டு அந்நியமும் அல்ல. கூடைப்பந்து 1891இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பிறந்தது. கைப்பந்தும் 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை செய்தவர் உருவாக்கியதே. சென்னையில் 1920 முதல் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிவரும் கல்லூரியும் அவர்களுடையதுதான்.

ஞாயிறு ஓய்வுநாளாயிற்றே, அன்று விளையாடலாமா என்ற கவலை நியாயமானது. காலை ஆராதனையை விட்டுவிட்டு விளையாடப் போவதை நானும் ஒப்பமாட்டேன். ஸ்காட்லாந்து ஓட்டக்காரரும் பக்தியுள்ள கிறிஸ்தவருமான எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓடவில்லை. பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதோடு கதையை முடித்துவிடுகிறோம். அப்புறம் அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார், போர்க்காலத்தில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டார். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார், ஆனால் ஞாயிறு மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு, பிள்ளைகள் நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடி அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் தாமே வந்து நடுவராக நின்றார். ஓய்வுநாளுக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவர் அவர். 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார். அவரைவிட நாம் கடுமையாக இருக்க வேண்டுமா?

சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்த மூப்பர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பால்மரக் காலத்தில் மாலையானால் லயத்துப் பையன்கள் திடலில்தான் இருப்பார்கள். செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டன. இன்று மாடிப்படிக்குக் கீழே சும்மா நிற்கும் பையனைத் தேடி முதலில் வருகிறவன் யார்? குண்டர் கும்பலுக்கு ஆள் சேர்க்கிறவன். நாம் முந்திக்கொள்ள வேண்டாமா?

ஞாயிறு மாலை வருகிறவர்களில் பலர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சந்தோஷம். பந்தைக் காட்டி யாரையும் சபைக்கு இழுக்கவும் கூடாது. பெற்றோர் நம்மை நம்பி அனுப்புகிறார்கள். எருசலேம் மீண்டும் எழும்பும் நாளைச் சொல்லும்போது, வீதிகளில் விளையாடும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள் என்கிறார் சகரியா தீர்க்கதரிசி. எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று அவர் பிரிக்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு நாம் இதுவரை ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில், 1966இல், பெற்ற ஓட்டக்காரர் எம். ராஜாமணி நம் பேராக் மாநிலத்தவர். நம் பெண்களோ வேலியோரம் நின்று தம்பிகளின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலையை வலைப்பந்துக்காக அவர்களுக்கு ஒதுக்குங்கள், நான் கூடவே இருக்கிறேன்.

வண்டி நிறுத்தும் சிக்கல் ஞாயிறு காலை சில மணி நேரத்துக்குத்தான். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி வளாகத்தைக் கேட்டுப் பார்க்கலாமே. விளையாட்டு மாலை ஐந்து மணிக்குமேல் தொடங்கட்டும், சபைப் பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பிள்ளைகளில் இரண்டு பேரையும் கூட்டிவருகிறேன், அவர்களிடமும் கேளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்
சுங்கை சிப்புட், பேராக்