பழைய வெள்ளிக் காச விபூதி போட்டு தேய்க்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தீபாவளி வந்தா வெள்ளி விளக்கு, குங்குமச்சிமிழ் எல்லாத்தையும் விபூதி போட்டு பளபளன்னு தேய்ப்போம்ல, அப்படித்தான் சிங்கப்பூர் ஈசூன்ல எங்க அத்தை பூஜைத் தட்டுல நான் வச்சிருந்த பென்னிங்கற பழைய இங்கிலாந்து வெள்ளிக் காசையும் சேத்து தேய்ச்சிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், கருப்பா இருந்தா அழுக்குன்னுதானே யாரும் நினைப்பாங்க. ஆனா அதுல இருந்த சில எழுத்து மங்கிப்போச்சு, மனசு கேக்கல.

அந்தக் காசு கிட்டத்தட்ட நம்ம பத்து காசு அளவுதான், எடை ஒன்றரை கிராம்கூட வராது. கீழ ஒரு அச்சு மரக்கட்டையில குத்தி நிக்கும், அது மேல வெள்ளித் தகடு, அதுக்கு மேல இன்னொரு அச்ச வச்சு சுத்தியலால அடிப்பாங்க, அதனால ஒரு காசு மாதிரி இன்னொன்னு இருக்காது, எழுத்தும் ரொம்ப மேலாப்புல லேசாத்தான் பதிஞ்சிருக்கும். ஒரு பக்கம் ராஜா, பின்பக்கம் சின்னச் சிலுவை, அதச் சுத்தி அடிச்சவர் பேரும் ஊர் பேரும். 1180லேர்ந்து 1247 வரைக்கும் வந்த இந்த சின்னச் சிலுவை காசுல ராஜா பேரு ஹென்றிதான், நடுவுல ரிச்சர்டும் ஜானும் ஆண்டப்பகூட பேர மாத்தல! அப்போ இது யார் காலத்துக் காசுன்னு கண்டுபிடிக்க அடிச்சவர் பேரும் எழுத்தோட வடிவமும் ரொம்ப கைகொடுக்கும், அதத்தான் நாம தேய்ச்சு அழிச்சிடுறோம்.

சில்லறை வேணும்னா சிலுவைக் கோட்டு மேலயே ரெண்டா நாலா வெட்டி அரை, கால்னு குடுத்திருக்காங்க, வட்டமான கால் பென்னிய 1279க்கு அப்புறம் முதலாம் எட்வர்ட் காலத்துலதான் நிறைய அடிச்சாங்க. அதனால உடைஞ்ச துண்டு மாதிரி ஒன்னு கிடைச்சாலும் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுவும் முழுக் காசு மாதிரியே கடையில செலவானதுதான்.

வெள்ளி காத்துல பட்டு கருக்கும், அழுத்தித் தேய்ச்சா கருப்போட மேல இருக்கற வெள்ளியும் கொஞ்சம் போயிடும். டாலர இன்னைக்கும் வெள்ளின்னு சொல்ற ஊர் நம்மளது, தாத்தா பெட்டியில வெள்ளைக்காரங்க காலத்து பழைய ஸ்ட்ரெயிட்ஸ் வெள்ளிக் காசு வச்சிருக்கவங்க இங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, அதுக்கும் இதேதான். தீபாவளிக்கு முன்னாடி நீங்க போடுற வீட்டுக் குறிப்புல இத ஒரு வரி சேத்துடுங்க, காச ஓரத்துல பிடிச்சு எடுத்து ஒரு காகித உறையில போட்டு தனியா வச்சாலே போதும்.

ஒரு வாசகி, ஈசூன்