பள்ளி வேனில் போகும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு மூன்று பள்ளி வேன்கள் வந்துவிடும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு டை கட்டி, தூக்கம் கலையாமலே தூக்கி உள்ளே வைக்கிறார்கள். என் பேரனும் அதில்தான் போகிறான். அதனால் ஊரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஐம்பதடி தள்ளி, தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. பதினோரு பிள்ளைகள். காலனிப் பிள்ளைகள் ஏழு பேர், செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் நாலு பேர். என் மகள் பால்வாடிக்குப் போன காலத்தில் எல்லாத் தெருவும் அங்கே இருந்தது. அப்போது எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. யார் பிள்ளை யார் பக்கத்தில் சாப்பிடுவது என்று பெரியவர்கள் சண்டை போட்டதும் நினைவிருக்கிறது. ஆனாலும் மத்தியானம் ஒரே பாயில்தான் தூங்கினார்கள்.

சோறும் முட்டையும் இன்றும் கிடைக்கின்றன. பெற்றோர் கேட்பது எல்.கே.ஜி. என்ற பெயரையும், அதற்கென்று ஒரு டீச்சரையும். இருக்கும் பணியாளர் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் பல இடங்களில் இவர்கள் தலையில்தான். அப்புறம் எப்போது பாடம் நடத்துவது?

2019இல் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. 2022இல் அதை நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகத்து மையங்கள். பக்கத்து ஊருக்குக் கிடைத்தது. எங்களுடையது தொடக்கப் பள்ளி, கிடைக்கவில்லை. அந்த ஊரில் கடைக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதை ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் சேரும் ஏழைப் பிள்ளைக்கு அரசே கட்டணம் தருகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வாய்ப்பு பலருக்குப் பெரிது. ஆனால் அந்த வழியிலும் பிள்ளை ஊரைவிட்டு வேனில்தான் போகிறது. தொடக்கப் பள்ளியோடு இருக்கும் அங்கன்வாடிகளுக்கும் மையத்துக்கு ஒரு டீச்சரைப் போட்டால் என்ன?

என் பேத்திக்கு வரும் ஜூனில் மூன்று வயது முடிகிறது. வேன்காரர் இப்போதே வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
கரூர் மாவட்டம்