கூரையைக் கழற்றுவது வேறு, அறுப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களை வீட்டிலேயே புதுப்பிப்பவர்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் எந்தப் பழைய காராக இருந்தாலும் ஒரு டிங்கரும் ஒரு கிரைண்டரும் கிடைத்தால் கூரையை எடுத்துவிட்டுத் திறந்த காராக்கிவிடலாம் என்கிற மாதிரி அதில் ஒரு பத்தி வருகிறது. பக்கத்தில் கூரை அறுத்த பழைய பியட் ஒன்றின் படம் வேறு. அதைப் பார்த்து நாலு பேர் கிரைண்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்கு தாம்பரத்தில் வீடு. கார் ஷெட்டில் 1965-ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. இரண்டு கதவு, மேலே படுதா. அதன் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி மாட்டியது நானும் என் மகனும்தான். வெல்டிங்குக்கும் படுதாவுக்கும் மட்டும் வெளியாள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தக் காரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியில் செய்த வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்செலோட்டி. ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அப்புறம் முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போனது. சரி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனியாக ஒரு சேசிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம் போட்டு, அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். மற்ற கம்பெனிகள் சேசிஸே இல்லாத பாடிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் பழைய வழிக்குத் திரும்பியது இப்படித்தான். அவர்களுக்கு அது கஷ்டகாலம். வீட்டில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவனுக்கு அதிர்ஷ்டம். பானட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக மேலெழும்பிச் சாயும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். எங்கள் தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்காமல் திருப்புகிற ஒரே கார் என்னுடையதுதான்.

இரண்டு கதவு ஹெரால்டின் கூரையும் அப்படித்தான், முன் கண்ணாடி ஃபிரேமின் மேலேயும் பின்பக்கத் தகட்டிலும் போல்ட்டில் நிற்கிறது. ஸ்பேனர் போதும். என் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் எப்போதோ கூரையைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு அரை அங்குலக் குழாயை வளைத்துப் படுதா கட்டியிருந்தார். நான் புதுப்பேட்டையில் தேடி, வேறொரு ஹெரால்டின் தகரக் கூரையைப் பிடித்துவிட்டேன். அது இப்போது ஷெட் உத்தரத்தில் தொங்குகிறது. வேண்டுமென்றால் மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். என் காரில் எங்கேயும் ரம்பம் படவில்லை.

அம்பாசடரும் அந்தக் கால பியட்டும் இப்படி இல்லை. அவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தளம், தூண், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை அறுத்தால் வண்டியின் நடு முதுகில் பலம் போய்விடும். நேரான ரோட்டில் மெதுவாகப் போகும்போது தெரியாது. சோதித்துப் பார்க்க மெக்கானிக்கூட வேண்டாம். ஒரு பின்சக்கரத்தின் பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பூட்டு நேராக வந்து விழவில்லை, அல்லது திறந்த கதவு மறுபடி மூடவே மாட்டேன் என்கிறது என்றால், அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். கீழே இரண்டு பக்கமும் கனமான பட்டை வைத்து, குறுக்கே சட்டம் போட்டு பலப்படுத்தலாம்தான். அதைக் கணக்குப் போட்டுச் செய்பவர்கள் குறைவு. கல்யாண ஊர்வலத்துக்கு அறுத்த வண்டிகளில் நான் பார்த்தவரை, கூரை போன இடத்தில் ரப்பர் பீடிங்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

ஹெரால்டிலும் கூரையைக் கழற்றினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லமாட்டேன். சேசிஸ் தாங்கிக்கொள்ளும், ஆனால் கதவு இடைவெளி மாறும். ஏனென்றால் பாடியே இரண்டு பாதி. டேஷ்போர்டு பக்கம் ஒரு பாதி, பின் சீட் பக்கம் ஒரு பாதி, நடுவில் போல்ட். கூரை இருக்கும்வரை இரண்டையும் மேலே அது பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் பாடியைச் சேசிஸிலிருந்து தூக்குவதற்கு முன் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே ஆங்கிள் வைத்து முடுக்கினோம். அதைச் செய்யாமல் தூக்கினால் நடுவில் மடிந்துவிடும். தூக்கும் நாளில் தெருப் பையன்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். கதவு, பானட் எல்லாம் போய்விட்டதால் மிச்சம் பெரிய கனமில்லை. என் மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, பல்லக்கா தூக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். டீ மட்டும் எல்லோருக்கும் வந்தது.

பாடியை எடுத்த பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது. சேசிஸின் நடு முதுகெலும்பு நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் கை நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிகர்கள்தான் போய்விட்டன. பெட்டி மாதிரி மூடிய வடிவம், உள்ளே சேறும் தண்ணீரும் போனால் வெளியே வர வழியில்லை. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். இதைப் பார்த்ததும் எனக்கு ரயில் பெட்டிதான் ஞாபகம் வந்தது. ஐ.சி.எஃப். பெட்டிகளில் கழிவறைக்குக் கீழே இருக்கிற தளமும், சோல்பார் என்கிற பக்கவாட்டு அடிச்சட்டமும் இதே மாதிரிதான் அரித்துப்போகும். பெரம்பூரில் அதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்வோம். பெட்டி அதே நம்பரோடு மறுபடி லைனுக்குப் போகும்.

வீட்டிலும் அதையே செய்தோம். 16 கேஜ் தகட்டை வெட்டி, பழைய அவுட்ரிகரை அச்சாக வைத்து மடக்கி, துளைகளை அதே இடத்தில் போட்டோம். சாதாரண ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும் என்பதால் சி.ஓ.டூ. வெல்டிங் வைத்திருக்கிற ஒரு பையனை வரவழைத்தேன். ஒரே நேரத்தில் எல்லா அவுட்ரிகரையும் வெட்டக் கூடாது. ஒன்றை மாற்றி, அளந்து பார்த்து, அடுத்ததைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் கதவு மூடாது, அப்புறம் ஆயுளுக்கும் வாஷர் வைத்துச் சரிக்கட்ட வேண்டியதுதான். ரெட் ஆக்சைடு அடித்து, பெட்டிக்குள் பழைய எஞ்சின் ஆயிலை ஸ்ப்ரே செய்துவிட்டேன். வழக்கமான பட்டறை வைத்தியம்தான்.

இந்தக் காருக்கென்று இன்னொரு விஷயம். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கல உருப்படி, அதற்குள் மரை. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். இங்கே எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார். "சார், எல்லா வண்டிக்கும் இதான் சார்" என்பார். கிரீஸ் உள்ளே காய்ந்து மரையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகும், துரு பிடிக்கும், ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். ஹெரால்டு மோசமான வண்டி என்று இந்த ஊரில் வாங்கிய பெயரில் கிரீஸ் கன்னுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். பின்பக்கத் தனித்தனி ஆக்ஸில் நம் ரோட்டுக்குச் சரிப்படவில்லை என்பதும் உண்மைதான். பின்னால் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் கம்பெனியே அதைத் தூக்கிவிட்டு நேர் ஆக்ஸில் போட்டது.

எஞ்சின் 948 சி.சி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒழுங்காக ஆயில் மாற்றினால் ஓடும். ஆனால் இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். புதுப்பிக்கிறவர்கள் பெயின்ட் கலரைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஹோஸை, எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றட்டும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை.

படுதாவுக்கு ஜி.பி. ரோட்டில் ஒரு பாயைப் பிடித்தேன். சீட் கவர் தைப்பவர். ஹெரால்டை அவர் பார்த்திருந்தாரே தவிர அதற்குப் படுதா தைத்ததில்லை. ஆனாலும் முதல் நாள் வந்தவர் டேப்பை எடுக்கவே இல்லை. ரெக்சினை வெயிலில் விரித்துப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "சூடு ஏறட்டும் சார். குளிர்ச்சியில வெட்டினா மத்தியானம் தொளதொளன்னு தொங்கும்" என்றார். நன்றாகச் சூடேறிய பிறகு குழாய்களின்மேல் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டி இழுத்து, சாக்பீஸால் கோடு போட்டார். தையலுக்கு மேலே ஒரு பட்டை, அதன் உள்ளே மெழுகு தேய்த்த நூல். வடகிழக்குப் பருவமழை வந்து போய்விட்டது. முன் கண்ணாடியின் இடது மூலையில் மட்டும் கொஞ்சம் சொட்டுகிறது. அது பாயின் குற்றமில்லை, அந்த ஃபிரேமே கொஞ்சம் வளைந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, வணிக உபயோகத்தில் இல்லாத வண்டிகள். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிவு செய்தால் நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது. எனக்கு இதில் எந்த ஆட்சேபணையும் இல்லை. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இடிக்கிற இடம் ஒன்றுதான். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய அளவில் பழுது பார்த்திருக்கக் கூடாது, சேசிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. கூரையை அறுத்தது மாற்றம், சந்தேகமே இல்லை. டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்ததும் மாற்றம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே இப்படிப்பட்ட மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு வைக்கிறது. அரித்துப்போன அவுட்ரிகரை எடுத்துவிட்டு அதே அளவில், அதே வடிவத்தில் புதுசு வைத்தால்? கடற்கரை ஊரில் அறுபது வருடம் நின்ற இரும்பில் வெல்டிங்கே படாத கார் ஒன்றை யாராவது காட்டட்டும், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதையும் மாற்றம் என்று எண்ணினால், துருவைப் பட்டியும் பெயின்ட்டும் வைத்து மறைத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், ஒழுங்காக வெட்டிச் செப்பனிட்டவருக்குக் கிடைக்காது.

இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒருவர் ஒன்றும் ஆகாது, விண்ணப்பம் போடுங்கள் என்றார். இன்னொருவர் சேசிஸில் வெல்டு இருந்தால் அதோடு முடிந்தது என்றார். இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், எழுத்தில் மட்டும் யாரும் தரவில்லை. உங்கள் நிருபர் யாராவது போக்குவரத்துத் துறையிடம் இதைக் கேட்டு, பதிலை அச்சில் போட்டால் என்னைப் போன்ற பலருக்கு உபயோகமாக இருக்கும். துரு பிடித்த பாகத்தை அதே அளவில் மாற்றியது பழுது நீக்கம்தானா? அதற்கு என்ன அத்தாட்சி காட்ட வேண்டும்? என்னிடம் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த போட்டோ இருக்கிறது, வெட்டியெடுத்த பழைய துண்டுகளையும் ஒரு கோணியில் கட்டி வைத்திருக்கிறேன்.

என் ஆர்.சி.யில் சலூன் என்றுதான் போட்டிருக்கிறது. அதனால் வண்டியைக் காட்டப் போகும் நாளில் தகரக் கூரையை மாட்டிக்கொண்டுதான் போவேன், அதில் பிரச்சினை இல்லை. அவுட்ரிகருக்கு என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் 20,000 ரூபாய் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்,
மேற்கு தாம்பரம்.